மச்சினனின் ஜாம்பி

புனேயில், எங்கள் கோந்த்வா வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜாம்பிகள் நிற்கின்றன. எல்லாம் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள். ஒன்றுக்குத் தாடை தொங்கும், ஒன்றுக்குக் கை இருக்காது. ஆனாலும் நடந்துகொண்டே இருக்கிற செத்தவர்கள். கோயமுத்தூரிலிருந்து வருகிற என் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "சாமி படம் வெக்கற எடத்துல இதென்ன கண்ணு கருமம்?" என்பார்கள்.

இந்தக் கருமத்தை எனக்குப் பழக்கி, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டவும் சொல்லிக்கொடுத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. நான் ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் புனே வந்தவன். மனைவி இங்கேயே பிறந்தவள். அவள் அப்பா கட்கியில் ராணுவத் தளவாட ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே மச்சினன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, டர் லக்தா ஹை க்யா? பேய்க்குப் பயப்படுவீங்களா?"

"இல்லையே."

"சல், அப்போ உக்காருங்க."

அவன் பேச்சு அப்படித்தான். வேலூர்ப் பக்கத்து வீட்டுத் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஹடப்சரில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. மீதி நேரம் முழுக்க ஜாம்பிதான். நண்பர்களோடு ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தான். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் செத்துப்போய், எழுந்து, கம்பெனி வண்டியேறி, ஹிஞ்சேவாடி நெரிசலில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தும் யாருக்குமே வித்தியாசம் தெரியவில்லை என்று இந்தியில் ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். அதை அடித்தொண்டையில் உறுமி உறுமிப் பாடுவான். அவன் அம்மா சமையலறையிலிருந்து, "தொண்டைக்கு என்னாடா ஆச்சு? சுக்குத் தண்ணி வெச்சித் தரட்டுமா?" என்று நிஜமான கவலையோடு கேட்பார்.

அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு பலகை ஆட்டம், மேசையில் விரித்தால் ஓர் ஊர். நான்கு பக்கமும் செத்தவர்கள் வருவார்கள். ஆடுகிறவர்களுக்குள் போட்டி கிடையாது. தப்பித்தால் எல்லோரும் தப்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் காலி. ஆட்டத்தில் ஒருவர் கடிபட்டுச் செத்தால் அவர் இடத்தில் அவருடைய ஜாம்பி எழுந்து நிற்க வேண்டும் என்பது மச்சினன் சேர்த்த விதி. அதற்காக எங்கள் மூன்று பேரையும் அவனே பொம்மையாகச் செய்து வண்ணம் தீட்டினான். என் ஜாம்பிக்கு முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. அக்காவின் ஜாம்பி, ஸ்கூட்டரில் போகிற புனேப் பெண்கள் எல்லோரையும் போல முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டியிருந்தது. தனக்கு வெளிர் நீலத் தொழிற்சாலைச் சட்டை, மெல்லிய கம்பியில் மூக்குக் கண்ணாடி. சின்ன வயதில் விழுந்து இடது புருவத்தில் பட்ட வெட்டைக்கூட விடவில்லை. நெற்றியில் மட்டும் சிவப்பாக ஓர் ஓட்டை.

"எப்பிடி இருக்கேன் அக்கா?"

"உசிரோட இருக்கறப்ப நீ இவ்ளோ அழகா இல்லடா" என்றாள் அவள்.

ஐந்து வருடம் ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆடினோம்.

அந்த ஜூலை ஞாயிறன்றும் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். விடாத மழை. நான் மேசையில் ஊரைப் பரப்பி, பொம்மைகளை நிறுத்தி வைத்துவிட்டேன். மனைவி காந்தா பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரை ஆனது. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு செய்தி அனுப்பினேன். அவனால் படிக்க முடிகிற மாதிரி ஆங்கில எழுத்தில்:

"என்னடா, செத்துட்டியா? எந்திரிச்சு வா, காத்துட்டிருக்கோம்."

நாங்கள் பேசிக்கொள்வதே அப்படித்தான். அதற்கு முன்பும் இதே வார்த்தைகளை எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மனைவிக்கு யாரோ பேசினார்கள். ஓர் இறக்கத்தில் அவன் பைக் சறுக்கியிருக்கிறது. பின்னால் தண்ணீர் லாரி. நாங்கள் போய்ச் சேர்வதற்கு வெகுநேரம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்ன நேரத்தையும் என் செய்தியின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவன் போய்ப் பதினேழு நிமிடம் கழித்து அனுப்பியிருக்கிறேன்.

அடையாளம் காட்ட மனைவிதான் உள்ளே போனாள். நான் மாமனாரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவள் வெளியே வந்ததும் அவன் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள். விரிசல் விட்ட திரை ஒரு நொடி ஒளிர்ந்தது. அவள் பார்த்தாள், கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மேசையில் ஊர் அப்படியே இருந்தது. நான் அள்ளிப் பெட்டிக்குள் போட்டேன். அலமாரிக் கண்ணாடிமேல் செய்தித்தாள் ஒட்டினேன். மறுநாள் காலையில் மனைவி அதைக் கிழித்தெடுத்தாள்.

"அவன் பண்ணதுடா இதெல்லாம். மூடாத."

ஆனால் அவளால் அந்த நீலச் சட்டையைப் பார்க்கவும் முடியவில்லை. ஹாலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பஞ்சு, உள்ளங்கையில் அவன். நெற்றி ஓட்டையின் சிவப்பை மட்டும் துடைக்கப் பார்த்திருக்கிறாள். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையே இளக்கிவிட்டது. புருவம், கண்ணாடி, மூக்கு எல்லாம் குழைந்து, முகம் இருந்த இடத்தில் ஓர் உருண்டை. சட்டை மட்டும் அப்படியே இருந்தது.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? பெயிண்ட் எடுக்கறதுக்குன்னு தனியா மருந்து இருக்குதே..." என்றேன்.

"அந்த ஓட்டைய மட்டும்தான் எடுக்கணும்னு நெனச்சேன். அவனுக்கு நெஜமாவே அங்கதான் அடிபட்டிருந்துது. நீ பாக்கல. நான் பாத்தேன்."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "அவன் மொகம்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அழிச்சுட்டியே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவனுக்கு என்ன அனுப்பினேன்னு நான் இன்னிக்கி வரைக்கும் கேட்டனா?"

வாசலிலேயே பையை இறக்கி வைத்தேன். பிறகு கேட்டேன்: "அவன்... படிச்சிருப்பானா?"

"இல்ல. தொறக்கவே இல்ல. படிச்சிருந்தா சிரிச்சிருப்பான்." பஞ்சை விரலால் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா படிச்சது நானு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விலகவில்லை, சாயவும் இல்லை.

பிறகு மூன்று ஞாயிறு உட்கார்ந்து, பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசையில் மூக்கும் புருவமும் பிடித்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அவன் முகத்தைத் திரும்ப வரைந்தேன். வெட்டுத் தழும்பைக்கூடக் கொண்டுவந்துவிட்டேன். மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இது யாரு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அன்றோடு தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டேன்.

முதல் வருடத் திதி முடிந்த வாரம் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். சாப்பிட்டு முடித்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த வெளையாட்ட எனக்குக் காட்டுங்க. ஞாயித்துக்கெழமயானா கெளம்பிடுவானே, அப்பிடி இன்னாதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். மனைவி தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியும் தமிழுமாக விதிகளைச் சொன்னாள். மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அவர் முறை வந்தது. எதிரே மூன்று ஜாம்பிகள்.

"தாயக்கட்டையப் போடுங்கத்தை. அஞ்சு விழுந்தா அடிச்சரலாம்" என்றேன்.

அவர் தாயக்கட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "இதுங்க எதுக்கு நம்மள தொரத்துதுங்க?"

"பசிங்கத்தை."

"பசியா?" பொம்மைகளைக் குனிந்து பார்த்தார். "பசின்னு வர்றதப் போயி எப்பிடிப்பா அடிக்கறது? பாவம்." தாயக்கட்டையை உருட்டாமல் மேசையில் வைத்துவிட்டார்.

யாரும் அடிக்காததால் செத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பத்து நிமிடத்தில் மூன்று பேரும் தோற்றோம்.

"இப்போ நாம செத்துட்டமா?"

"ஆமாம்மா" என்றாள் மனைவி.

"செத்தவங்க எந்திரிச்சு வருவாங்கன்னு சொல்வானே."

மனைவி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். "வருவாங்கத்தை. ஆட்டத்துல மட்டும்" என்றேன்.

அவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் படுக்க வைக்க ஆரம்பித்தார். பெட்டிக்குள் ஒவ்வொரு பொம்மைக்கும் அச்சாக ஒரு குழி உண்டு; எது எந்தக் குழியில் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.