ஸ்டேடியம் வேணும், வேணாம்: ரெண்டுக்கும் ஒரே மைக்

கூட்டத்தில் பேச்சு சலித்துப்போனால் யார் வேண்டுமானாலும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகலாம். மைக்செட்காரி மட்டும் போக முடியாது, ஏனென்றால் ஆம்ப்ளிஃபையர் அவளுடையது. பந்தல், நாற்காலி, பிரியாணி அண்டா என்று எதையாவது வாடகைக்கு விட்டுவிட்டு, அது உருப்படியாகத் திரும்பி வரும்வரை அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் ஓரமாகக் குந்தியிருக்கும் புண்ணியவான்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்காரருக்கு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. மைக்செட் கடையை நானும் என் கொழுந்தன் பிரபுவும் பார்த்துக்கொள்கிறோம். ஊரில் என் பெயர் மைக்செட் மேரி. ஏரிக்கரையில் இருக்கும் மைதானத்தில் பெரிய ஸ்டேடியம் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பாதியும் மைக் கேட்டு என் கடைக்குத்தான் வந்தன, ஏனென்றால் ஊரில் வேறு மைக்செட் கிடையாது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அந்த மைதானம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அம்மன் கோயில் கூத்து, சர்ச் கன்வென்ஷன், கிரிக்கெட் டோர்னமென்ட், கட்சிக் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஸ்டேடியம் வந்தால் ஸ்பீக்கரும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம். இன்னொரு பக்கம், என் மகள் ஸ்டெல்லா ஓட்டக்காரி. விடிவதற்குள் மின்சார ரயிலேறி சென்னைக்குப் போய், ஒழுங்கான ட்ராக்கில் ஓடிவிட்டு, அப்படியே காலேஜுக்குப் போகிறாள். ரயிலில் தூங்குகிறாள், ரயிலிலேயே சாப்பிடுகிறாள். ஸ்டேடியம் வந்தால் மகளுக்கு நல்லது. வராவிட்டால் எனக்கு நல்லது. இதற்கு நடுவில் எனக்கு ராத்திரி தூக்கம் எங்கே வரும்?

காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று

ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் விளம்பரத்துக்கு எங்கள் கடையில் நான்தான் குரல். “அன்பார்ந்த பொதுமக்களே” என்று நான் ஆரம்பித்தால் திறந்த ஜன்னலை யாரும் மூடுவதில்லை என்று ஒரு பெயர் உண்டு. ஒரு நாள் காலை, ஸ்டேடியம் வேண்டும் என்கிற பி.டி. மாஸ்டர் அருள்ராஜின் கூட்டத்துக்காக, “நம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு விளையாட்டரங்கம் வேண்டும், திரண்டு வாரீர்” என்று தெருத் தெருவாக முழங்கினேன். மத்தியானம், வேண்டாம் என்கிற முனிரத்தினம் அண்ணனின் கூட்டத்துக்காக அதே ஆட்டோ, அதே குரல், “நம் ஏரிக்கு வரும் கால்வாயைக் காக்க விளையாட்டரங்கம் வேண்டாம், அணி திரள்வீர்” என்று முழங்கியது. முனிரத்தினம் அண்ணனுக்கு ஏரிக்குக் கீழே நெல் வயல். ஸ்டேடியம் கட்டினால் கால்வாயை மூடிவிடுவார்களோ என்று அவர் பயம் அவருக்கு.

தொழிலென்றால் அப்படித்தான். கல்யாண வீட்டிலும் அதே ஸ்பீக்கர், கருமாதி வீட்டிலும் அதே ஸ்பீக்கர். ஆனால் குழாயடியில் குடத்தோடு நின்ற பொன்னம்மா அக்காவுக்கு அது பிடிபடவில்லை. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஏம்மே மேரி, காத்தால வோணும்னு கத்திக்கினு போன, இப்ப வோணாம்னு கத்திக்கினு வர. ஊட்ல புருசனும் பொண்டாட்டியும் குந்திப் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு, அப்பறமா ஆட்டோ எடு!”

கடைசி ஓவர்

பி.டி. மாஸ்டரின் முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, அதே மைதானத்தில். நாங்கள் போய் இறங்கியபோது கம்பெனிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் காண்ட்ராக்ட் வேலைக்காரர்கள். வாரம் முழுக்க இரும்புத் தூசி தின்றுவிட்டு, அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு வெயில். பிரபு பிட்சுக்கு நடுவிலேயே மேடைக்குக் கம்பு ஊன்ற ஆரம்பித்துவிட்டான். மாஸ்டர் விசிலடித்து, “கண்ணுங்களா, வெளிய போங்க, முக்கியமான கூட்டம்” என்று விரட்டினார்.

பேட்டோடு நின்ற பையன் என்னிடம் வந்து என்ன கூட்டம் என்று கேட்டான். “வெளையாட எடம் வோணும்னு கவர்மென்ட்ட கேக்கறாங்கப்பா” என்றேன். அவன் மாஸ்டரைப் பார்த்தான், ஊன்றிய கம்பைப் பார்த்தான், ஸ்டம்பைப் பார்த்தான். கோபமே படாமல் ரொம்ப மரியாதையாக மாஸ்டருக்குத்தான் பதில் சொன்னான்:

“அப்ப எங்களுக்கோசரம்தான் பேசப் போறீங்க சார். இன்னும் ஒரு ஓவர்தான் கீது, அத்த முடிச்சிக்கிறோம். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

சத்தம்

மைதானத்துக்கு எதிரே புதிதாக முளைத்த நகரில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவருக்கு ஸ்டேடியத்தின் மேல் ஒரே ஒரு புகார்தான். சத்தம். மேட்ச் வந்தால் கூச்சல், விசில், பட்டாசு, மனுஷன் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது அவர் கட்சி. நியாயமான பேச்சுதான். அதை எடுத்துச் சொல்ல அவர் கேட்டது இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ், தெருமுனைக்கு ஒன்றாகக் கூம்பு ஹாரன், அது போதாதென்று ஆரம்பத்தில் நாதஸ்வரம்.

“சார், சின்னத் தெரு, ஒரு பாக்ஸே போதும்” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறியது, மாடியில் இருந்த புறாவெல்லாம் பறந்தது, ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. காது கூசிப்போய், யாருக்கும் தெரியாமல் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தேன். தலைவர் ஒலி மாசு பற்றிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். மைக்கைக் கையால் மூடவும் இல்லை. ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“மைக்செட், இன்னாம்மா சத்தமே வரல? நல்லா ஏத்துமா, கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரணும்!”

மாறிப்போன ஒயர்

ஒரு சனிக்கிழமை இரண்டு கட்சிக்கும் ஒரே சாயங்காலம் அனுமதி கிடைத்துவிட்டது. மாஸ்டருக்கு பஸ் ஸ்டாண்டில் மேடை, முனிரத்தினம் அண்ணனுக்கு மைதானத்தில் மேடை. நடுவில் நீளமாகப் பஜார். பஜாரில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பாதிக்கு மாஸ்டர் பேச்சு, மைதானத்துப் பக்கத்துப் பாதிக்கு அண்ணன் பேச்சு என்று பிரித்து ஹாரன் கட்டச் சொன்னேன். பிரபு கட்டினான். கட்டியதெல்லாம் சரி, ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

மேடைக்கு முன்னால் இருந்த பாக்ஸ்கள் ஒழுங்காகப் பேசியதால் எனக்கே தெரியவில்லை. டீ குடிக்கப் பஜாருக்குள் போனபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது. மாஸ்டரின் ஆட்கள் பஜாரில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பாதியில் நின்று முனிரத்தினம் அண்ணன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதோடு நிற்காமல் கை வேறு தட்டினார்கள். அண்ணனும் “நம்ம மண்ணு, நம்ம புள்ளைங்க” என்றுதான் முழங்கினார், மாஸ்டரும் அதையேதான் முழங்கினார், பாவம் ஜனங்கள் என்ன செய்வார்கள். “அண்ணி, இப்பவே மாத்திடட்டா?” என்று பிரபு ஏணியைத் தூக்கினான். பேச்சுக்கு நடுவில் ஆள் மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும், பேசாமல் இரு என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

கடைசிவரை ஒரு புகாரும் வரவில்லை. பஜாரின் நட்டநடுவில், இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும் இடத்தில், நாஷ்டா கடை வைத்திருக்கும் பாய் மட்டும் என்னைக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“ரெண்டு பேர் பேச்சையும் முழுசா கேட்டேன்மா. ரெண்டு பேர் சொல்றதும் கரெக்டாதான் கீது. அதான் பேஜாரா கீது.”

எந்தப் பக்கம்?

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஸ்டெல்லா என்னைக் கேட்டாள், “மா, நீ எந்தப் பக்கம்?” நம்ம தொழிலில் பக்கமெல்லாம் கிடையாது, மேடைக்கு வலது பக்கம் ஆம்ப்ளிஃபையரோட குந்துவேன், அதுதான் என் பக்கம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் காலில் புதிதாக ஒரு சிராய்ப்பு. ரயிலுக்குப் போகாத நாளில் சிப்காட் சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக ஓடுவாள். ஒரு லாரிக்கு ஒதுங்கி ஜல்லியில் விழுந்திருக்கிறாள்.

மைதானம் போய்விட்டால் வீடு எப்படி நடக்கும் என்று அவளிடம் கணக்குச் சொல்லப் போனேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

“ஊர்ல எல்லாரு கொரலையும் ஏத்தி வுடற. உன் கொரல மட்டும் எப்பப் பாத்தாலும் ஜீரோவுல வச்சிக்கினு கீற.”

அதிகாரிகள் வந்த நாள்

கடைசியில் திருவள்ளூரிலிருந்து அதிகாரிகள் வந்து மைதானத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். மைக் நம்முடையதுதான். மாஸ்டர் பேசினார், முனிரத்தினம் அண்ணன் பேசினார், சத்தம் பிடிக்காத தலைவர் சத்தமாகப் பேசினார். எல்லோரும் பேசி ஓய்ந்ததும் நடுவில் இருந்த அதிகாரி அம்மா, “வேற யாராவது?” என்றார். யாருமில்லை. அவர் பார்வை என் மேல் நின்றது. “மைக்செட் அம்மா, நீங்க எல்லாக் கூட்டத்துலயும் இருந்திருப்பீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. எழுந்துபோய் மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகவே, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றது. கூட்டமே சிரித்தது. அப்புறம் சொல்லிவிட்டேன். “ஸ்டேடியம் வேணுங்க. வந்தா என் பொழப்புல பாதி போயிடும். தெரிஞ்சிதான் சொல்றேன். என் பொண்ணு ஓடறதுக்கு எடம் தேடி தெனம் ரயில்ல போவுது. இங்க ஓடுனா லாரி வருது. அண்ணன் சொல்ற கால்வாயையும் மூடிடாதீங்க, அதுவும் நாயம்தான். ஞாயித்துக்கெழம கம்பெனிப் பசங்களுக்கு கேட்டத் தொறந்து வுடுங்க. பூட்டு போட்ட ஸ்டேடியம் எங்களுக்கு வோணாம்.” இன்னும் என்னென்னவோ சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. பேச்சாளர்களை நான் இவ்வளவு நாள் திட்டிய பாவம் அன்றைக்குத்தான் புரிந்தது.

முடித்துத் திரும்பினால், பிரபு ஜெனரேட்டரைக் கட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஆம்ப்ளிஃபையரில் ஒரு விளக்கும் எரியவில்லை. மைக்செட்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா? வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் தன் சிநேகிதிகளோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா நாற்காலிகளைத் தாண்டி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் காதோடு காதாகச் சொன்னாள்:

“நீ பேச ஆரம்பிச்சதுமே கரென்ட் பூட்ச்சுமா. கடசி வரிசை வரைக்கும் ஒண்ணு விடாம கேட்டுச்சு.”

மறுநாள்

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே முனிரத்தினம் அண்ணனின் புல்லட் வந்து நின்றது. ஒரு பெரிய வாடிக்கை போச்சு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நான்தான் மைக்செட். அவர் பேச்சையே மாதக் கணக்கில் ஊருக்குக் கொண்டுபோன நான், ஊர் நடுவில் எதிராகப் பேசிவிட்டேன். “அண்ணா, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க” என்று நானே ஆரம்பித்தேன்.

அவர் வண்டியை விட்டு இறங்காமல் கடைக்குள் இருந்த பிரபுவைக் கூப்பிட்டு, “நைனா, ஞாயித்துக்கெழம நம்மூட்ல பேரனுக்குக் காதுகுத்து, நல்ல பாக்ஸா பாத்து எடுத்துக்கினு வா” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அண்ணா, நான் உங்களுக்கு எதிரா...” என்று இழுத்தேன். அவர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொன்னார்:

“எனக்கு எதிரா பேசுனது நீதானம்மா, உன் மைக்கு ஒண்ணும் பேசலயே! அது மேல எனக்கு இன்னா கோவம்? நீயும் வந்து சாப்ட்டுட்டு போ.”

ஸ்டேடியத்தின் ஃபைல் திருவள்ளூரில் எந்த மேஜை மேல் இருக்கிறதோ தெரியாது. ஆனால் என் பிழைப்பைப் பாதியாக்கப் போகிற ஸ்டேடியத்தை நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டு, அதன் அடிக்கல் நாட்டு விழாவுக்கு மைக்செட் ஆர்டர் வெளியூர்க்காரர் யாருக்காவது போய்விடுமோ என்று இப்போதிருந்தே கவலைப்படும் ஒரே ஜீவன் இந்த வட்டாரத்தில் நான்தான்.