ஐந்தாவது அட்மிஷன்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத விரிவுரையாளர்களுக்கு மட்டும் என்று ஒரு சனிக்கிழமை மன உறுதிப் பயிற்சி வைத்தார்கள். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக் அது. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு ரப்பர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, "விழுந்தா இது மாதிரி எந்திரிக்கணும்" என்றார். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! எறிகிறவனை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கை தட்டினோம்.

அவர் கார் கிளம்பியதும் முதல்வர் மைக்கை வாங்கினார். "ஆளுக்கு அஞ்சு அட்மிஷன். கொண்டாராதவங்க காலேஜ் தொறக்கறப்ப வர வேண்டாம்."

அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையில் இடுப்பொடிந்து படுத்தவர். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மே மாத வெயிலில் நோட்டீஸ் கட்டோடு பரமத்தி வேலூர் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எம்.இ. படித்தது நாய் துரத்தி ஓடுவதற்கா என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

வெற்றிலைத் தோட்டத்தில் ஒரு அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார். "ஏனுங்க டீச்சர், உங்கூட்டுப் புள்ளைன்னா அங்க சேத்துவீங்களா?"

எங்கள் லேத் பட்டறை வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் ஒட்டடை அடித்துத் திறப்போம். "கண்டிப்பாச் சேத்துவேனுங்க" என்றேன். அந்த அம்மா மகனை அனுப்பச் சம்மதித்தார். அவன் நான்காவது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அந்தப் பொய்தான் போஜனம் போட்டது.

ஐந்தாவது ஆள் கிடைக்கவே இல்லை. கடைசி வாரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். தங்கை பிளஸ் டூ முடித்திருந்தாள். சேலம் அரசுக் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்து, இரண்டு நாளாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

"அக்கா, நான் வாரேன். பிளஸ் டூ முடிச்சவங்கள நேரா ரெண்டாவது வருசத்துல சேத்துவாங்கல்ல?"

"வாயை மூடு" என்று கத்தினேன். கட்டிலைப் பார்த்தேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து வரவே இல்லை. பிறகு நானும் கத்தவில்லை.

மறுநாள் தங்கையின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு முதல்வர் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தினார். "மன உறுதின்னா இதுதான்." எல்லோரும் கை தட்டினார்கள்.

கல்லூரி திறந்த அன்று வெற்றிலைத் தோட்டத்து அம்மா மகனோடு வந்திருந்தார். என் பக்கத்தில் புதுச் சீருடையில் நின்றவளைப் பார்த்து, "இதாரு?" என்றார்.

"தங்கச்சிங்க. இங்கதான் சேத்தியிருக்கேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியே சாமி. அடுத்த வருசம் எங்க ஊர்ல இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குது. உன்னையவே வந்து பாக்கச் சொல்றேன்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மே மாதமும் வரத்தானே போகிறது? "சொல்லுங்கம்மா" என்றேன்.