நான்கு முறை கீழ், ஒரு முறை சரி

இது பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று நாற்பதிலிருந்து மூன்று இருபத்தைந்துக்குள். ஜன்னலில் நல்ல வெயில். நான் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். காய்ச்சல் இல்லை, மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன, அதனால் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் நேரங்களையும் நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. இயந்திரம் நொடி நொடியாகப் பதிந்துவைத்த லாக் கோப்பு என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்ததும் ஒரு சின்ன நிரல் மட்டும் முதலில் எழும். மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு ஃபர்ம்வேரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் புகார்கள் இரண்டே வகை. ஒன்று, காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்காமல் ஓடிவிடுகிறது. இன்னொன்று, சொல்லிவைத்த செட்டிங்கை மறந்துவிடுகிறது. கல்யாணத்திலும் இதே இரண்டு புகார்தான் என்று அத்தான் ஒருமுறை சொன்னார். அத்தான், என் அக்காவின் கணவர். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அப்போது அவளால் கை தூக்க முடிந்தது.

இப்போது அவள் ஒரு பராமரிப்பு இல்லத்தில், பன்னிரண்டாம் படுக்கையில் இருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. பதினான்கு மாதம் ஆகிறது. கண் திறந்திருக்கும், நம்மைப் பார்க்காது. கழுத்தில் போட்ட குழாய் வழியாக மூச்சு. அந்தக் குழாயில் சளி அடைத்தால் அவளால் யாரையும் கூப்பிட முடியாது. மூச்சையும் நாடியையும் கவனித்தபடி தலைமாட்டில் இருக்கும் மானிட்டர்தான் அவளுக்காகக் கத்த வேண்டும். அது கத்தினால் நர்ஸ் ஓடி வருவார். கத்தாவிட்டால் இல்லை.

அழுகை முதல் இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டேன். கடித்துக்கொண்டாலும் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சு வாங்கி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரித்து, அவரே தின்றுவிட்டுப் போவார். நான் படிவங்களில் கையெழுத்துப் போடுவேன்.

அந்தச் சனிக்கிழமை இல்லத்து டெக்னீஷியன் ஒரு துணிப்பையோடு என் ஆபீசுக்கு வந்தார். உள்ளே அக்காவின் மானிட்டர். அந்த மாதம் இரண்டு முறை மின்சாரம் ஒரு கண் சிமிட்டும் நேரம் போய் வந்திருக்கிறது. மற்ற மானிட்டர்கள் தாமாக எழுந்துவிட்டன. இது மட்டும் எழவில்லை. இரண்டாம் தடவை இருபது நிமிடம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். குழாய் அடைக்காதது அதிர்ஷ்டம்.

அதில் ஒரு செட்டிங் உண்டு. மின்சாரம் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும்? "தானாக இயங்கு" அல்லது "அணைந்தே இரு". இவர் முதலாவதை வைப்பாராம். சில நாளில் அது இரண்டாவதாகிவிடுமாம்.

"இருபது தடவை மாத்திட்டேன் மேடம். இது என் மாமியார் மாதிரி. தலைய தலைய ஆட்டும், அப்புறம் தனக்குப் பிடிச்சதைத்தான் செய்யும்."

தயாரித்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை. ஆனால் உள்ளே ஓடுவது எங்கள் ஃபர்ம்வேர். அதனால் நான். அக்காவுக்கு அவர்கள் இரவல் கொடுத்திருந்த மானிட்டர் திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேறொரு நோயாளிக்குப் போக வேண்டும். அதற்குள் இது சரியாக வேண்டும்.

கிளம்பும்போது கதவருகில் நின்று இன்னொன்றும் சொன்னார். போன வருடம் வரை இந்த மானிட்டர் ஏழாம் படுக்கையில் இருந்ததாம். அங்கே ஒரு பெரியவர் ரொம்ப நாள் கஷ்டப்பட்டாராம். பேச முடியாமல், சிலேட்டில் "போதும், போதும்" என்றே எழுதிக் காட்டுவாராம். அவர் போன பிறகுதான் இதை அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் நான் மட்டும். ஏசி ஓடவில்லை. மானிட்டரின் மூடியைக் கழற்றி, அது பேசுவதையெல்லாம் என் லேப்டாப்பில் எழுதும்படி ஒரு கேபிளைச் செருகினேன்.

1:40க்குப் பிழை கிடைத்துவிட்டது. சின்னப் பிழை. செட்டிங்கைச் சிப்பில் எழுதி முடிக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இந்தப் போர்டில் நேரம் எண்ணும் கணக்கு தவறாக, பத்து மடங்கு வேகமாக ஓடியது. நூறு மில்லிநொடி காத்திருந்ததாக அது நினைக்கும்போது உண்மையில் பத்துதான் ஆகியிருக்கும். எழுதியது பாதியில் நிற்கும். அடுத்த முறை பாதி எழுத்தைப் பார்த்துக் குழம்பி, ஃபேக்டரியில் வைத்த மதிப்புக்குப் போய்விடும். அது "அணைந்தே இரு".

எண்ணும் கணக்கைத் திருத்தினேன். ஃபேக்டரி மதிப்பையும் "தானாக இயங்கு" என்று மாற்றினேன். சிப் முழுவதையும் அழித்து, புதிதாக ஏற்றினேன். பத்து முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பார்த்தேன். பத்து முறையும் 1.8 நொடியில் எழுந்தது.

மூடியைப் போட எடுத்தேன். பழக்கதோஷம், இன்னொரு முறை வெட்டிப் பார்க்கத் தோன்றியது.

2:17. மின்சாரம் கொடுத்தேன். திரையில் விளக்கு வந்தது, ஆனால் மேலே போகவில்லை. ஒரு சத்தம் மட்டும். பொத்தானை அழுத்தினால் மானிட்டர் தரும் சத்தம்.

டிக்.

நான் எதையும் தொடவில்லை. கை மடியில் இருந்தது.

லாக்கில் இப்படி இருந்தது. 1.1 நொடியில், மெனுவைத் திறக்கும் பொத்தான். 7.3 நொடியில், கீழ். 13.4இல், கீழ். 19.6இல், கீழ். 25.5இல், கீழ். 34.8இல், சரி. அதற்குப் பிறகு வழக்கம்போல் எழுந்தது. செட்டிங்கைப் பார்த்தேன்.

அணைந்தே இரு.

மெனுவின் மேலிருந்து நான்கு முறை கீழே வந்தால் அந்த வரி. சரியை அழுத்தினால் மாறும்.

பொத்தான் கம்பியில் இரைச்சல் வருவது உண்டு. ஆனால் அது சடசடவென்று மில்லிநொடிக் கணக்கில் வரும். ஆறு நொடி விட்டு, ஆறு நொடி விட்டு வராது. பொத்தான்களின் பட்டைக் கேபிளை உருவி மேசையின் மறுமுனையில் வைத்தேன். இனி அழுத்த எதுவும் இல்லை.

செட்டிங்கை லேப்டாப்பிலிருந்தே சரிசெய்தேன். மின்சாரத்தை வெட்டினேன். பத்து எண்ணினேன். கொடுத்தேன். 2:34.

டிக்... மெனு திறந்தது.

இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சமான பட்டை முதல் வரியில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரு வரி இறங்கியது.

டிக்...

டிக்...

டிக்...

ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த ஆறு நொடி. ஒரு கனமான பொருளைத் தூக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்குவதுபோல. கடைசி அழுத்தலுக்கு மட்டும் ஒன்பது நொடி.

பயம் வந்திருக்க வேண்டும். வரும் என்று காத்துக்கூட இருந்தேன். வரவில்லை. நோட்டை எடுத்து இடைவெளிகளைக் குறித்தேன், அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் நினைவு அப்போதுதான் வந்தது. சிலேட்டு. போதும், போதும்.

2:41க்கு போன் அடித்தது. அத்தான். அக்காவின் பக்கத்திலிருந்து பேசினார்.

"இன்னைக்கு இவ முகம் ஒரு மாதிரி இருக்கும்மா. ஊசியில நூல் கோக்கறப்போ இருப்பாளே, அந்த மாதிரி."

வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

2:52. மறுபடியும் மின்சாரம் கொடுத்தேன். மெனு திறந்தது. கீழ். கீழ். மூன்றாவது வருவதற்குள் நான் வாய்விட்டுப் பேசினேன். காலி அறையில் என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

"ஐயா, இது இப்ப உங்க மெஷின் இல்லை. எங்க அக்காவோடது. இது நின்னா அவ போயிடுவா. விட்டுடுங்க."

பட்டை நின்றது.

ஆறு நொடி போனது. பத்து. இருபது.

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம்.

நாற்பது.

நாற்பத்தெட்டாவது நொடியில்... டிக். இரண்டு நொடியில், டிக். இரண்டு நொடியில், சரி.

அதுவரை இல்லாத வேகம்.

அணைந்தே இரு.

எனக்குக் கோபம் வந்தது. அழுகை நின்ற பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதிலும் சூடு இல்லை. செத்தவருக்கு என் அக்காவைக் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு செட்டிங் தொல்லை கொடுத்தால், அந்தச் செட்டிங்கையே எடுத்துவிடுவோம். மெனுவிலிருந்து அந்த வரியை நீக்கினேன். நான்கு வரி நிரல். மின்சாரம் வந்தால் எழு, எப்போதும் எழு, யாரும் மாற்ற முடியாது.

3:19க்கு ஏற்றி முடித்தேன்.

3:22. மின்சாரம்.

டிக்... மெனு திறந்தது.

கீழ். கீழ். கீழ். கீழ்.

நின்றது.

கீழ்.

கீழ்.

கடைசி வரியில் போய் முட்டி நின்றது. சரி என்று அழுத்தவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மெனு தானே மூடிக்கொண்டு மானிட்டர் எழுந்தது.

அதற்குப் பிறகு இருபது முறை வெட்டிப் பார்த்தேன். இருபது முறையும் 1.8 நொடி. ஒரு டிக் இல்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு டெக்னீஷியன் வந்து எடுத்துப்போனார். மாமியார் திருந்திட்டாங்களா என்று கேட்டார். திருந்திட்டாங்க என்றேன். அடுத்த வாரம் இல்லத்தில் மின்சாரம் போய் வந்தது. அக்காவின் மானிட்டர்தான் வார்டிலேயே முதலில் எழுந்ததாம். எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். பகல் நேர நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல பெண், இருபத்தைந்து வயது இருக்கும், படுக்கையில் இருக்கும் எல்லாப் பெண்களையும் அக்கா என்றுதான் சொல்லுவாள். நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"மானிட்டர் ரிப்பேருக்குப் போயிருந்துச்சே மேடம், அந்த ஞாயித்துக்கிழமை, அக்கா விரலை அசைச்சாங்க. டாக்டர்கிட்ட காட்டினேன். அது தானா துடிக்கிறதுதான், ஒன்னும் இல்லைன்னுட்டார். நான் சார்ட்டுல எழுதி வச்சிருக்கேன்."

சார்ட்டைக் காட்டச் சொன்னேன்.

மதியம் 2:17. வலது ஆள்காட்டி விரல். மெல்ல ஐந்து தடவை. சற்று விட்டு, அழுத்தமாக ஒரு தடவை.

2:34. அதேபோல்.

2:52. அதேபோல். நடுவில் நிறுத்தினார். யாரோ பேசுவதைக் கேட்பது போலிருந்தது. பிறகு தொடர்ந்தார்.

மூன்று முறை படித்தேன். காகிதம் என் கையில் இருந்தது, கை என்னுடையதாக இல்லை. பேனா மை, நர்ஸின் உருண்டைக் கையெழுத்து, ஓரத்தில் ஒரு டீக்கறை. ஏழாம் படுக்கைப் பெரியவர் இதில் எங்கும் இல்லை.

அந்த அழுத்தல்களில் அவர் எப்போதுமே இல்லை.

"இப்போ அசைக்கிறாளா சிஸ்டர்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம். அன்னைக்கு மூணு இருபதுக்கு மேல ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்லை. தூங்கறப்பவும்."

உள்ளே போனேன். அக்காவின் கண் கூரையைப் பார்த்துத் திறந்திருந்தது. தலைமாட்டில் மானிட்டர் பச்சை வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையை அவள் வலது விரலுக்கு அடியில் வைத்தேன்.

அழுத்தினாள். இறகு விழுந்த மாதிரி.

எண்ணினேன். ஆறு நொடி. அழுத்தினாள். ஆறு நொடி. அழுத்தினாள். நாற்பது அழுத்தல் வரை அங்கேயே நின்றேன். ஒரே மாதிரி அழுத்தல், ஒரே இடைவெளி. 'சரி'க்கு முன்னால் வரும் அந்த ஒன்பது நொடி ஒருமுறைகூட வரவில்லை.

அந்த வரியைத் தேடி அவள் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறாள்.

நான் எடுத்த அந்த நான்கு வரியைத் திரும்பச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். கோப்பு இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் திரையில் பக்கத்து ஜன்னலில் திறந்தே இருக்கிறது.

இன்றுவரை சேர்க்கவில்லை.