பாவாத்தாள் கொண்டுபோன கட்டுச்சோறு

சூலூரில் பாவாத்தாளிடம் கிரைண்டரைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு யாரும் சும்மா வீடு திரும்பியதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து கிரைண்டர் கம்பெனியில் கல் பொருத்துகிற வேலை அவளுக்கு. கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சாமி கொடுத்தது இரண்டே இரண்டு, சிறுவாணித் தண்ணீரும் கிரைண்டரும் என்பது அவள் கட்சி. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. இரண்டு பையன்களையும் ஆளாக்கித் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள். ஒரு பெண் இல்லாத குறை மட்டும் ஆறவில்லை. தெருவில் யார் மகளுக்குக் கட்டுச்சோறு போனாலும் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். வீடு திரும்பியதும் காரணமே இல்லாமல் புருஷன் அங்கப்பனோடு சண்டை பிடிப்பாள்.

பக்கத்து வீட்டு மெர்சியின் மகன் பிரான்சிஸ் சொகுசுக் கப்பலில் சமையல்காரன். கூட வேலை பார்த்த நெலிடாவைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். கடலுக்கு அந்தப்புறம் பெலிஸ் என்றொரு நாடு, அதில் கரிஃபுனா சனத்துப் பெண் அவள். இப்போது மாசம் ஏழு. ஏழாம் மாசம் தாய்வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணுக்குப் போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது இங்கே வழக்கம். நெலிடாவின் அம்மா வர வழியில்லை. அதனால் விட்டுவிடலாம் என்றாள் மெர்சி. நெலிடா சரியென்று தலையாட்டினாள், ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மெர்சிக்கா, தாயூட்டுச் சோறு நாங் கொண்டாரேனுங்க. ஞாயித்துக்கெழம வாரேன், எலையப் போட்டு வையுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, என்ன சோறு கொண்டுபோவது? புளிசாதமும் தயிர்சாதமும் நெலிடாவின் தாய்வீட்டில் ஏது? பிரான்சிஸ் தன் மாமியாரை வீடியோ காலில் கூப்பிட்டுக் கொடுத்தான். படத்தில் அந்தம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, இவன் தமிழில் சொன்னான். சாப்பாட்டுக்குப் பெயர் ஹுதுத். வாழைக்காயையும் லேசாகப் பழுத்த நேந்திரனையும் வேகவைத்து இடித்துக் களியாக உருட்ட வேண்டும். கடல்மீனைப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட வேண்டும். புளி கூடாது. அந்தம்மா உலக்கை போடுவதுபோல நடித்துக் காட்டியதும், பாவம், அந்த ஊரில் கிரைண்டர் இல்லை போலிருக்கிறது என்று பாவாத்தாள் இரக்கப்பட்டாள்.

ஞாயிறு காலை அங்கப்பன் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கிவந்தான். மீன் மணமாகப் பொரிந்தது. தேங்காய்ப்பால் கொதித்தபோது அவள் கை தானாகவே புளி ஜாடிக்குப் போக, அங்கப்பன் ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தான். பிறகு வெந்த காயில் பாதியை அள்ளிக் கிரைண்டரில் போட்டாள். நாலு சுற்றுகூடச் சுற்றவில்லை. காய் கோந்தாகிக் கல்லைக் கவ்விக்கொண்டது. மோட்டார் முனகியது, பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. கம்பெனியில் போய்ச் சொல்லட்டுமா என்று அங்கப்பன் கேட்டான். பாவாத்தாள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிரைண்டரை வைதாள், கையோடு அவனையும்.

வைது முடித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இலை போட்டாகிவிட்டது. நெலிடா ஒரு வாய் வைத்துவிட்டு இலையைத் தள்ளிவிட்டால், தாய்வீடு என்று சொல்லிக்கொண்டதற்கு என்ன மரியாதை? கொல்லையில் உரல் ஒன்று கிடந்தது. வருஷத்துக்கு ஒருதரம் மாவிளக்குக்கு இடிப்பார்கள். மற்ற நாளெல்லாம் கோழிகள் அதில் தண்ணீர் குடிக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, மீதிக் காயைப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இடித்தாள். கை வலித்தது. காய் மெல்ல மெல்லச் சேர்ந்து, உலக்கையில் ஒட்டாமல் உருண்டு வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

போசியைத் தலையில் வைத்துப் போனாள். நெலிடா களியைக் கிள்ளிப் பாலில் தோய்த்து வாயில் வைத்தாள். அடுத்த வாய் எடுத்தாள், அதற்கடுத்ததும். மீன் முள்ளை வழித்து இலையோரம் வைத்தபின் பிரான்சிஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"இடிக்கற சத்தம் கேட்டப்பவே அவங்கம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சாளாமுங்க" என்றான் அவன்.

பாவாத்தாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, புளி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றாள். மெர்சி வெற்றிலை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நெலிடா பையோடு நின்றிருந்தாள். துணிமணியெல்லாம் நேற்றே எடுத்து வைத்தாயிற்று. சோறு போட்டவர்கள் அழைத்துப் போகவேண்டும் என்பதைப் பெரியவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவள் மறக்கவில்லை.

பாவாத்தாள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வா கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்."

கட்டில் போட இடம் வேண்டுமே என்று அங்கப்பன் முன்னால் ஓடினான், கிரைண்டரை நகர்த்த. நெலிடா வாசலில் நின்று, மாமியார் மெர்சியின் கையைப் பிடித்து, தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள்.

"போயிட்டு வாரேனுங்க, அத்தை."