கதவில் விழுந்த கீறல்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரம், இலங்கை மலையகத்து அட்டன் நகருக்குச் சற்று வெளியே, வாகனத்தை நாமே கழுவிக்கொள்ளும் நிலையம் ஒன்றில் நிகழ்ந்தது இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் வாங்கிய பழைய மகிழுந்தில் முதல் நாள் டயகமவில் ஒரு திருமணத்துக்குப் போய் வந்திருந்தேன். மழையில் கரைந்த பாதையில் பாதியை வண்டி தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தது.

அங்கே முதலில் அழுத்த நீரால் மண்ணைப் போக்க வேண்டும். பிறகு நீண்ட பிடியுள்ள தூரிகையை எடுத்தால், அதன் இழைகளுக்கிடையிலிருந்து ஷாம்பூ நுரை பொங்கும். சக்கரங்களைத் தூரிகையால் தேய்க்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. படித்தேன். ஆயினும் முழங்கால் வலியால் குனிய இயலாத எனக்கு அந்த நீண்ட பிடி பெரும் வசதியாகத் தோன்றியது. சக்கரங்களையும் அவற்றின் உட்புறத்தையும் ஆசை தீரத் தேய்த்தேன். பின்னர் அதே தூரிகையை இடப்பக்கக் கதவில் வைத்தேன். நுரை வரவில்லை, அழுத்தித் தேய்த்தேன். நீர் வழிந்தபின் பார்த்தால் கதவின் குறுக்கே நான்கைந்து கீறல்கள்.

சினம் தலைக்கேறியது. அலுவலக அறையில் முறைப்பாட்டுப் புத்தகத்தை வாங்கி, கருவிகளைப் பராமரிப்பவரின் பொறுப்பின்மையால் என் வாகனம் பழுதுபட்டதென ஒரு பக்கம் எழுதினேன். நடை நயமாக அமைந்ததில் எனக்கு ஒரு நிறைவும் உண்டாயிற்று.

உரிமையாளர் படித்தார், கருவிகளைப் பழுதுபார்க்கும் பெண்ணை அழைத்தார். நாற்பது வயதிருக்கும், பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வேலைக்கு வருபவர்.

"சேர்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லாட்டி நாளையிலயிருந்து வராத."

"கேக்க மாட்டேன், முதலாளி. செய்யாத தப்புக்கு என்னன்னு கேக்கிறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சேர், வீல்ல பிரஷ் போட்டீங்களா?"

இல்லை என்றேன். அத்தனை எளிதாக வந்தது அந்தப் பொய்.

தம் முறைக்குக் காத்திருந்த முச்சக்கரவண்டிக்காரர் சிரித்தார். "பெரிய மனுசர் பொய்யா சொல்லப்போறாரு, அக்கா?"

"அவரு சொன்னதை விடு, தம்பி. பிரஷ்ஷைக் கழட்டிப் பாப்போம்."

வாகனம் கழுவும் இடத்துக்கு வந்து, எல்லாரும் பார்க்க, தூரிகையின் தலையைப் பிடியிலிருந்து திருகிக் கழற்றிப் பழைய செய்தித்தாளொன்றின்மேல் தட்டினார். சக்கரத்தின் கறுத்த மசகுடன் ஒட்டிய கூர்மணல் கொட்டியது. நுரை வரும் துளைகளையும் அதுவே அடைத்திருந்தது.

"காலையில ஏழு மணிக்குத்தான் புதுத் தலை மாட்டினேன். சேர்தான் முதல் ஆள்."

"சாமானே மட்டமா இருந்திருக்கும். அதுவும் நீ பாத்து எடுத்ததுதானே?" என்றார் உரிமையாளர். வாடிக்கையாளரைக் கைவிட அவருக்கு மனமில்லை.

அந்தப் பெண் ஒரு வாளி நீரைக் கொண்டுவந்தார். வாளி நீரில் தூரிகைத் தலையை அமிழ்த்தி, இழைகளின் அடிவரை சீப்பால் வாரினார். துளை ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தித் திறந்தார். நசுங்கியிருந்த இறப்பர் வளையத்தை மாற்றி மீண்டும் பொருத்தினார். நுரை குபுகுபுவெனப் பொங்கியது.

"சேர், மத்தப் பக்கக் கதவை இதே பிரஷ்ஷால தேய்க்கிறேன். ஒரு கீறல் விழுந்தாலும் நானே போயிடுறேன். யாரும் அனுப்ப வேணாம்."

வேண்டாமென நான் தடுத்திருந்தால் என் பொய் பத்திரமாக இருந்திருக்கும். ஏனோ தலையசைத்தேன். அவர் மென்மையாகத் தேய்க்கவில்லை. நான் அழுத்தியதைவிட வலுவாகவே அழுத்தினார். நீரடித்ததும் முச்சக்கரவண்டிக்காரர் குனிந்து பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா."

"சரி சரி, வேலையைப் பாரு," என்றார் உரிமையாளர். "ஆனா உனக்கு வாய் கூடிப்போச்சு. சேர் மனசு நோகுற மாதிரி இனிப் பேசாத."

அதற்குமேல் என்னால் பொறுக்க இயலவில்லை. சக்கரங்களைத் தேய்த்தவன் நான்தான், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்று எல்லார் முன்னிலையிலும் கூறினேன். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்க வேணாம், சேர். அதுக்குக் கீழயே எழுதுங்க. கிழிச்சா என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்," என்றார் அந்தப் பெண்.

எழுதினேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"வீலைத் தேய்ச்சதை எழுதியிருக்கீங்க. பொய் சொன்னதை விட்டுட்டீங்களே, சேர்."

அதையும் சேர்த்து எழுதிக் கையொப்பமிட்டேன்.

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர், அந்தப் பெண் சற்றுப் பணிவாக நடந்திருக்கலாமே என்கிறார்கள். நான் ஒப்பவில்லை, ஒப்பப்போவதுமில்லை. பணிந்திருந்தாலும் அவருடைய வேலை நிலைத்திருக்கும்தான். கூடவே, அவர் செய்யாத குற்றமும் என் அழகிய கையெழுத்தில் நிலைத்திருக்கும். முப்பதாண்டுகள் வகுப்பறையில் பணிவைப் போற்றியவன் நான். இப்போது எவரையேனும் பணியச் சொல்லக் கேட்டால், அவர் செய்த தவறு என்னவென்றுதான் முதலில் கேட்கிறேன்.