கையொப்பத்துக்குப் பிறகு ஓர் எண்

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் ஞானசிகாமணி இருபத்தாறு வருடமாக டெஸ்பாட்ச் கிளார்க். முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகு கடிதத்தின் தலையில் அனுப்புகை எண் எழுதுவார். எண் இல்லாத காகிதம் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை.

2003இல் ஜெர்மன்காரர்கள் தோல் பரிசோதனை அறிக்கையைக் கணினியிலேயே கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். ஞானசிகாமணி கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கம்பெனி பெயரில் கையொப்பமிட்டு, அதை அறிக்கையோடு இணைத்து அனுப்பினார். செல்லாது என்று பதில் வந்தது. கட்டளையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கணினிக் கையொப்பத்துக்கான ரகசியச் சாவியைப் புதிதாக உருவாக்கினார். இங்கே சோதித்தால் சரி, அங்கே போனால் தப்பு.

"வழியில எவனோ கை வெக்கிறான்" என்று மானிட்டரை முறைத்தார்.

கம்ப்யூட்டர் பிரிவு அலீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொரு வாட்டி செய்ங்க சார், பாக்கறேன்."

கையொப்பமிட்டார். சோதித்தார், சரியாக இருந்தது. பிறகு அறிக்கையைத் திறந்து, தலையில் அனுப்புகை எண்ணைத் தட்டிச் சேமித்தார்.

"கையெழுத்துக்கு அப்புறம் ஒரு புள்ளி மாறினாலும் ஒத்துக்காது சார். நம்பரை முன்னாடியே போட்டுடுங்க."

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"கையெழுத்தே ஆகாத லெட்டருக்கு நான் எப்பிடிம்மா நம்பர் போடறது?"