பிணவறை வாசலில் யாரும் எதுவும் சொல்லாத நாள்

என் வீட்டுக்காரர் இளம்பிள்ளையிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குச் சேலைக் கட்டுகள் ஏற்றிப்போகும் மினி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். லாரி மோதி அவர் இறந்த மறுநாள், பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை வாங்க, காலை ஏழு மணியிலிருந்து மூன்றரை வரை அரசு ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் அழவில்லை. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சிமெண்ட் தரையில் எறும்புகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. கதவு திறக்கும், பச்சைச் சட்டை போட்ட ஒருவர் எட்டிப் பார்ப்பார், கதவு மூடிவிடும். பதினோரு மணிவாக்கில் என் கொழுந்தனார் அந்தப் பச்சைச் சட்டைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் எழுந்து போனேன். விலக்கிவிடவில்லை.

"ஏனுங்க, உங்க ஊட்டு ஆளா இருந்தா இப்படிப் போட்டு வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். கத்தவில்லை. கடையில் விலை கேட்கிற குரல்தான். அவர் கொழுந்தனாரின் கையை எடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிணவறை வாசலில் காத்திருந்த குடும்பங்களையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் உட்காரவைத்துப் பேசப்போகிறார்களாம். "புகார் எழுதறதெல்லாம் இல்லைங்க, சும்மா பேசறதுதானுங்க" என்றது ஒரு பெண் குரல். அப்போது நான் சேலை மடித்து அட்டைப்பெட்டியில் வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூட்டத்தன்று கரண்ட் இல்லாமல் கடைக்கு லீவு விட்டார்கள். அதனால் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு அறையில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு குடும்பங்கள், உள்ளே வேலை செய்கிற இரண்டு பேர், நடுவில் பேச்சை நடத்த ஒரு டாக்டரம்மா. எனக்கு நேர் எதிரே அதே பச்சைச் சட்டைக்காரர், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சத்தம் போட்டு முடித்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சீக்கிரம் வேணும்னு இல்லைங்க" என்றேன். "காலைல இருந்து ஒண்ணுக்குப் போகல. போன நேரத்துல கூப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு அங்கயே உக்காந்திருந்தேன். மூணு மணிக்கு மேலதான்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போயிட்டு வந்திருப்பேன்."

பிறகு பச்சைச் சட்டைக்காரர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்களுக்கே தெரியாதுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேப்பர் வந்தாத்தான் டாக்டர் தொடுவாரு. பேப்பர் எங்க நிக்குதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. தெரியாம வெளிய வந்து என்னங்க சொல்றது? சட்டையப் புடிக்கறாங்க. அழுகற சத்தம் உள்ள கேக்குமுங்க. அதுக்கு ரேடியோ வெச்சுக்குவோம்."

"தெரியலைன்னாச்சும் வந்து சொல்லியிருக்கலாமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்தார். "தெரியலைன்னு சொல்லலாமுங்களா?"

அவர் நிஜமாகவே கேட்டார். இத்தனை வருஷ வேலையில் அப்படிச் சொல்ல அனுமதி உண்டா என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "சொல்லலாம்" என்றார்.

மணிக்கு ஒரு தடவை ஒருவர் வெளியே வந்து, தெரிந்ததையோ தெரியவில்லை என்பதையோ சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது. பேப்பர் எங்கே நிற்கிறது என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்க ஒரு ஆள். பக்கத்தில் பூட்டிக் கிடந்த கழிவறையைத் திறந்துவிடுவது.

படியிறங்கும்போது பச்சைச் சட்டைக்காரரிடம், "அன்னிக்கு நான் கேட்டது தப்புங்க" என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாருன்னு ஞாபகமில்லைங்க. எத்தனையோ பேரு வராங்க, மொகம் நிக்கறதில்ல. தப்பா நெனைக்காதீங்க."

ஐந்து மாதமாக அந்தக் கேள்வியை நான் மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தது, உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமனார் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவளுக்குத் துணையாக அதே வாசலுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வெளியே வந்தார். நான் அறியாத முகம்.

"இன்னும் பேப்பர் வரலைங்க. எப்ப வரும்னு தெரியல. ஒரு மணிக்கு மறுபடி வந்து சொல்றேன். அதுக்குள்ள எதாச்சும் சாப்புட்டு வாங்க."

ஒன்று பத்துக்கு வந்தார். யாரும் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. அவள் சத்தமாக அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். என் கை மரத்துப்போயிருந்தது.

கூட்டம் இப்போதும் நடக்கிறது. கூப்பிட்டால் போகிறேன். போன தடவை, உள்ளே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குக் கொடுக்கும் கையுறை போட்டவுடன் கிழிகிறது என்றார்கள். ஒரு ஜோடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். நல்ல கையுறை கேட்டு எழுதிய மனுவில் அவர்களோடு நாங்களும் கையெழுத்துப் போட்டோம். கையுறை வந்துவிட்டதாம். வாசலுக்கு நாங்கள் கேட்ட நிழல்கூரை இன்னும் வரவில்லை.